என் கல்யாணத்துக்கு நான் எழுதிய பாடத்திட்டம்

தன் கல்யாணத்துக்குத் தானே பாடத்திட்டம் எழுதி, அதை லேமினேட் செய்து, கல்யாணம் பண்ணிவைக்க வந்தவர் கையில் கொடுத்த மணமகள் தமிழ்நாட்டிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. ஒன்பது வருடமாக எங்கள் வீட்டில் யாராவது ஒருவர் இதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே இருக்கிறார்கள். அடுத்தவர் சொன்னால் கண், காது, மூக்கு எல்லாம் வைத்துவிடுகிறார்கள். அதனால் இந்த முறை நானே சொல்லிவிடுகிறேன். (வைக்கத் தேவையே இல்லை. உண்மையே போதுமான அளவுக்குக் கேவலமானது.)

நான் வேங்கிக்காலில் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் டீச்சர். அப்போது இருபத்தேழு வயது, ஐந்து வருட அனுபவம். ஐந்து வருடம் பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவள் வெளியில் சாதாரண மனுஷியாக நடந்துகொள்ள முடியாது. காய்கறிக்காரரிடம்கூட "முதலாவதாக, கத்தரிக்காய்" என்றுதான் ஆரம்பிப்பேன். இன்னொரு பழக்கமும் உண்டு. முக்கியமான வரி வரும்போது வலது கை ஆள்காட்டி விரல் தானாக மேலே போய்விடும். அந்த விரலைப் பார்த்ததும் பிள்ளைகள் புத்தகத்தில் அடிக்கோடு போட்டுக்கொள்வார்கள். அந்த விரலை நீங்களும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். (பரீட்சைக்கு வரும்.)

மாப்பிள்ளை செந்தில், கலெக்டர் ஆபீஸில் கிளார்க். எதைக் கேட்டாலும் "பரிசீலிக்கலாம்" என்பார். அப்படி ஒரு மனிதரும் என்னைப் போல ஒருத்தியும் கல்யாணம் செய்துகொண்டால் யார் பாடத்திட்டம் எழுதுவார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அந்தப் பாடத்திட்டத்துக்கு உண்மையான காரணம் செந்தில் இல்லை. அம்மா.

அம்மா தையல்காரி. தேரடித் தெருவுக்குப் பின்னால் வீட்டின் முன்னறைதான் கடை. எங்கள் பக்கத்தில் அம்மா தைத்த ஜாக்கெட் போடாமல் மணமேடை ஏறிய பெண் கிடையாது. அத்தனை கல்யாணத்துக்கும் அம்மாவுக்குப் பத்திரிகை வரும், அம்மாவும் போவாள். ஆனால் முகூர்த்த நேரத்தில் மண்டபத்தின் கடைசித் தூணுக்குப் பின்னால் நின்றுகொள்வாள். நான் எட்டாவது படிக்கும்போது அப்பா இறந்துபோனார். அதிலிருந்து அந்தத் தூண்தான் அவள் இடம். அங்கே போய் நில் என்று யாரும் சொன்னதில்லை. முன்னால் வா என்றும் யாரும் சொன்னதில்லை. ஜாக்கெட் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பாள், சாப்பிடுவாள், வந்துவிடுவாள்.

எனக்கு அந்தத் தூண்மேல் பொல்லாத கோபம். என் கல்யாணத்தில் தாலித் தட்டை எடுத்துக் கொடுப்பது அம்மாவாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டியிருந்தேன்.

"நான் மேடை ஏற மாட்டேன். நாலு பேரு என்னா சொல்லுவாங்க?" என்றாள் அம்மா.

"யாரும்மா அந்த நாலு பேரு? பேரைச் சொல்லு, நான் போயி பேசிட்டு வரேன்."

"வாயடிக்காத. தட்டைப் பெரியம்மா எடுத்துக் குடுக்கட்டும். நீ என்னா வேணா பண்ணிக்க, மைக்குல கூடப் பேசிக்க. ஏழரைக்குள்ள தாலி ஏறணும். எனக்கு அது போதும்."

கல்யாணம் திங்கட்கிழமை. ஆறிலிருந்து ஏழரை முகூர்த்தம், ஏழரை அடித்தால் ராகுகாலம். அம்மாவுக்குக் கோயிலில் எத்தனை சாமி உண்டோ அத்தனை சாமி மேலும் நம்பிக்கை. ராகுகாலத்தின் மேல் அதைவிடக் கொஞ்சம் ஜாஸ்தி.

சபேசய்யர் இந்தக் கதைக்குள் வந்தது இப்படித்தான். "வெள்ளைக்காரங்களுக்கே கல்யாணம் பண்ணி வைக்கிறவரு, நீ கேக்குறதுக்கெல்லாம் அவருதான் சரி" என்று செந்திலின் ஆபீஸில் யாரோ சொன்னார்கள். அவரும் எங்களை ஆசிரமத்துப் பக்கம் செங்கம் ரோட்டில் ஒரு கஃபேக்குத்தான் வரச்சொன்னார். பஞ்சகச்சமும் தோளில் லேப்டாப் பையுமாக ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். எதிர் மேஜையில் இருந்த வெளிநாட்டுப் பெண்மணி எழுந்து கும்பிட்டார். இவர் கையை உயர்த்தி ஆசீர்வாதம் பண்ணிவிட்டு இஞ்சி டீ சொன்னார்.

"போன மாசம் ஒரு ஜோடி, மாலைக்குப் பதிலா மரக்கன்னு மாத்திக்கணும்னாங்க. பேஷா பண்ணி வச்சேன். உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்கம்மா."

நான் லேமினேட் அட்டையை எடுத்து மேஜையில் வைத்தேன். பதினேழு வரிசை, நான்கு கட்டம்: நேரம், நிகழ்வு, நோக்கம், கற்றல் விளைவு. அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே படித்தார். பிறகு கீழிருந்து மேலே படித்தார்.

"கற்றல் விளைவுன்னா என்னம்மா?"

"அந்தச் சடங்கு முடிஞ்சதும் வந்தவங்க என்ன புரிஞ்சிட்டுப் போறாங்கங்கிறது, சாமி."

அவர் செந்திலை இரக்கத்தோடு பார்த்தார். "தம்பி, இதை நீங்க படிச்சிட்டீங்களா?"

"பரிசீலனையில இருக்கு சாமி."

அரை மணி நேரப் பேச்சுவார்த்தையில் பதினேழு வரிசை ஒன்பதானது. ஒவ்வொரு மந்திரத்துக்கும் தமிழில் ஒரே ஒரு வரி அர்த்தம். (எனக்கு ஐந்து வரி வேண்டும். "உங்களுக்கு அர்த்தம் வேணுமா, நேரம் வேணுமா? ரெண்டும் வேணும்னா நான் மூச்சு விடக் கூடாது" என்றார்.) தாலி கட்டுவதற்கு முன்பு மணமக்கள் இருவரும் மைக்கில் உறுதிமொழி சொல்ல வேண்டும். அப்போது மேளம், நாயனம், குழந்தை அழுகை, எதுவும் இருக்கக் கூடாது.

"குழந்தைக்கு நான் பொறுப்பில்லம்மா. மேளக்காரர்கிட்ட சொல்லிடறேன்."

ஒன்பதாவது வரிசைக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார். அதில் 'தாலித் தட்டு: அம்மா' என்று இருந்தது.

"சாஸ்திரத்துல இதுக்குத் தடை இருக்குன்னு நான் சொல்ல மாட்டேன். யாராவது கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். அம்மாவுக்குச் சம்மதமா?"

"இல்ல சாமி. அதான் அவங்களுக்குத் தெரியாம வச்சிருக்கேன். உறுதிமொழி முடியிறப்ப மைக்குலயே அம்மாவை மேடைக்குக் கூப்பிட்டுடுவேன். நானூறு பேரு முன்னாடி கூப்பிட்டா வராம இருக்க முடியாதில்ல?"

ஐயர் டீயை மெதுவாக உறிஞ்சினார். "இது சங்கல்பம் மாதிரி தெரியலைம்மா. சதி மாதிரி தெரியுது." ஆனாலும் ஒன்பதாவது வரிசைக்குப் பக்கத்தில் பேனாவால் ஒரு டிக் போட்டார்.

சனிக்கிழமை எங்கள் வீட்டில் ஒத்திகை. (ஆமாம், கல்யாணத்துக்கு ஒத்திகை. சிரித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.) அம்மாவை ஊக்கு வாங்கக் கடைக்கு அனுப்பிவிட்டு, செல்போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு ஐயரையும் செந்திலையும் பாயில் உட்காரவைத்து முழுக் கல்யாணத்தையும் நடத்தினேன். என் உறுதிமொழியைச் சொல்லும்போது விரல் மேலே போனது. ஐயர் துள்ளி எழுந்தார்.

"அம்மா, ஒரு நிமிஷம், அந்த விரல்..."

"சாமி, சந்தேகமெல்லாம் கடைசில கேளுங்க."

கடைசியில் செந்திலின் உறுதிமொழி மிகவும் கம்மியாக இருக்கிறது என்று அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். ஐயர் செருப்பு மாட்டும்போது மறுபடி ஆரம்பித்தார். "அம்மா, முக்கியமான விஷயம்..."

"வாட்ஸப்ல அனுப்பிடுங்க சாமி, பாத்துடறேன்."

அனுப்பினார். இரண்டே முக்கால் நிமிடக் குரல் செய்தி. கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள் கேட்டேன்.

அதில் அவர் சொல்லியிருந்தது இதுதான். மேளக்காரர்கள் மேடைக்குப் பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். போட்டோகிராஃபரும் சொந்தக்காரர்களும் சுற்றி நின்றுகொள்வதால் தாலி கட்டுவது அவர்கள் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. கூட்டத்துக்கு மேலே ஒரு விரல் உயர்ந்தால், அதுதான் கெட்டிமேளத்துக்கு உத்தரவு. நான் வேறு சத்தமே கூடாது என்று சட்டம் போட்டிருந்தேனா, ஐயர் தவில்காரர் வேலு அண்ணனிடம், "விரல் தெரியிற வரைக்கும் கை அசையக் கூடாது, விரல் தெரிஞ்சா ஒரு நொடி தாமதிக்கக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவைத்திருந்தாராம். "அதனால தாயே, நீங்க கையைக் கட்டிண்டு பேசணும்" என்று செய்தி முடிந்திருந்தது.

திங்கட்கிழமை காலை எல்லாம் அட்டைப்படி நடந்தது. ஐயர் மந்திரத்துக்கு ஒரு வரி அர்த்தம் சொன்னார். முன்வரிசையில் செந்திலின் அத்தை இருந்தார். நிச்சயதார்த்தத்தில் வெற்றிலையைக்கூட எண்ணிப் பார்த்தவர். எனக்கு அவரைக் கண்டாலே பயம். அவரே அர்த்தத்துக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அம்மா வழக்கம்போலத் தூணுக்குப் பின்னால். பட்டுப்புடவையின் ஓரம் மட்டும் தெரிந்தது. இன்னும் கொஞ்ச நேரம்தான் அங்கே நிற்பாய் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஏழு ஐந்துக்கு உறுதிமொழி. செந்தில் மைக்கை வாங்கி, "நல்லா பாத்துக்குவேன். மத்ததைப் போகப் போகப் பாத்துக்கலாம்" என்றார். கைதட்டல் பிரமாதம். அடுத்து நான். என்னிடம் இரண்டு தாள் இருந்தது.

இந்த இடத்தில் கூட்டத்தின் நிலைமையைச் சொல்லிவிட வேண்டும். திங்கட்கிழமை. என் பள்ளிக்கூடத்து டீச்சர்கள் எட்டே முக்காலுக்குப் பிரேயரில் நிற்க வேண்டும். கலெக்டர் ஆபீஸில் மனுநாள். சாப்பாட்டுக் கூடத்திலிருந்து நெய்ப்பொங்கல் வாசனை மேடை வரைக்கும் வந்துகொண்டிருந்தது. எல்லார் கையிலும் அட்சதை, எல்லார் பாதமும் வாசல் பக்கம். நான் அதையெல்லாம் கவனிக்கவில்லை. வகுப்பு இவ்வளவு அமைதியாக இருக்கிறதே என்று பூரித்துப்போயிருந்தேன். முதல் தாளில் சமத்துவம் பற்றிப் பேசினேன். இரண்டாம் தாளில் வீட்டு வேலையைப் பங்கிடுவது பற்றிப் பேசினேன். அப்புறம், "கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமான ஒரு விஷயம்" என்றேன்.

விரல் மேலே போனது.

வேலு அண்ணன் எட்டு நிமிடமாகக் கையை ஓங்கி வைத்துக்கொண்டு காத்திருந்த மனுஷன். அந்த அடியில் மேடைப் பலகையே அதிர்ந்தது. இரண்டு தவிலும் இரண்டு நாயனமும் சேர்ந்து பிடித்த பிடியில் "எங்க அம்மா" என்று நான் மைக்கில் சொன்னது எனக்கே கேட்கவில்லை. அடுத்த கணம் நானூறு பேர் கையிலிருந்த அரிசியும் பூவும் என் தலையிலும், முகத்திலும், திறந்திருந்த வாயிலும் வந்து விழுந்தன. செந்தில் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். தாலி தன்பாட்டுக்குத் தேங்காய் மேல் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

ஐயர் பதறி எழுந்து, "நிறுத்துங்கோ! இன்னும் கட்டலை!" என்று இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். பத்து விரல்! வேலு அண்ணன் இதுவரை யாருக்கும் வாசிக்காத வேகத்தில் வாசித்தார்.

பந்திக்கு முந்து என்று பெரியவர்கள் சொன்னதை எங்கள் ஊர்க்காரர்கள் மறந்ததே இல்லை. மூன்று நிமிடத்தில் மண்டபம் காலி; மேடைப் பக்கம் நாங்களும் மேளமும் போட்டோகிராஃபரும்தான் மிச்சம். போகிற போக்கில் எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் மேடை ஏறி, பரிசுப் பெட்டியை என் மடியில் வைத்து, "ஸ்பீச் ரொம்ப நல்லா இருந்துச்சும்மா, தீர்க்க சுமங்கலியா இரு" என்றார். செந்தில் எழுந்து அவருக்குக் கை கொடுத்து நன்றி சொன்னார். (அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கக் கூடாதா என்று பிற்பாடு கேட்டேன். "அவங்க அவ்ளோ சந்தோஷமா இருந்தாங்க, எப்பிடிச் சொல்றது?" என்றார்.)

மேளம் ஒருவழியாக நின்றபோது மணி ஏழு பதினாறு. ஐயர் மைக்கைப் பிடித்து, "எல்லாரும் தயவுசெஞ்சு திரும்பி வரணும், தாலி இனிமேதான் கட்டணும்" என்றார். சாப்பாட்டுக் கூடத்திலிருந்து ஒரு குரல் வந்தது: "அதான் ஆயிடுச்சே சாமி, எத்தினி தபா கட்டுவீங்க?" உள்ளே ஒரே சிரிப்பு. இலை போட்டு உட்கார்ந்தவரை எழுப்ப முடியாது. இடம் கிடைக்காதவர்கள் அடுத்த பந்திக்காக உட்கார்ந்தவர்களின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். உட்கார்ந்தவரை எழுப்புவதைவிட நிற்பவரை அசைப்பது கஷ்டம். தட்டை எடுத்துக் கொடுக்க வேண்டிய பெரியம்மா, பன்னிரண்டு பேருக்குக் கைக்குட்டை போட்டு இடம் பிடித்திருந்தாள். மூன்றாவது முடிச்சுப் போட வேண்டிய செந்திலின் தங்கையையும் காணோம்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கத்தில் பாதி, அம்மாவை நினைத்துப் பாதி. அவள் கேட்டது ஒன்றே ஒன்று, ஏழரைக்குள் தாலி ஏற வேண்டும். நான் அவளுக்கு மேடையில் இடம் பிடித்துத் தருகிறேன் என்று கிளம்பி அந்த ஒன்றையும் கெடுத்துவிட்டேன்.

தூணைப் பார்த்தேன். அம்மா அங்கே இல்லை. காலி நாற்காலிகளுக்கு நடுவே புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேகமாக வந்துகொண்டிருந்தாள்.

"மணி ஏழு இருவது ஆவுது. என்னாடி உக்காந்து அழுதுக்கிட்டிருக்க? எங்க உங்க பெரியம்மா?"

"சாப்புடப் போயிட்டாங்கம்மா."

அம்மா மேடைக்குக் கீழேயே நின்றுவிட்டாள். ஐயர் தாலித் தட்டை எடுத்துக்கொண்டு விளிம்புக்கு வந்தார்.

"அம்மா, இதைக் கொஞ்சம் வந்து பிடிங்க. என் கையில புத்தகம் இருக்கு."

அம்மா ஓர் அடி பின்னால் போனாள். "நானா? வேணாம் சாமி. நாலு பேரு..."

"எந்த நாலு பேரு?"

கேட்டது செந்திலின் அத்தை. முட்டிவலியால் பந்திக்கு ஓட முடியாமல் முன்வரிசையில் தனியாக மாட்டிக்கொண்டவர்.

"நாலு பேரும் உள்ள பொங்கல் துன்னுக்கிட்டிருக்காங்க. இங்க நான் ஒருத்திதான் இருக்கேன், எனக்கும் கண்ணாடி வூட்ல. நேரம் ஆவுது, ஏறும்மா மேல!"

அம்மா ஏறினாள். மூன்று படி. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு தட்டை வாங்கினாள். வாங்கியவள் உடனே தாலியை எடுக்கவில்லை. தட்டை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு, என் தோளில் சரிந்திருந்த ஜாக்கெட்டை இழுத்துச் சரிசெய்தாள். அப்புறம்தான் தாலியை எடுத்துச் செந்தில் கையில் கொடுத்தாள்.

மணி ஏழு இருபத்தாறு. ஐயர் வேலு அண்ணனைப் பார்த்து விரலைத் தூக்கினார். வேலு அண்ணன் அசையவில்லை.

"சாமி, இது நெசமாவே கட்டுறதா? அப்பவும் நீங்க தூக்கினீங்களே."

"நெஜம்தாம்ப்பா!"

வேலு அண்ணன் என்னைப் பார்த்தார். நான் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்திருந்தேன். தலையை மட்டும் ஆட்டினேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. செந்தில் தாலியைப் பிடித்தபடி பரிசீலித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, வாசிங்க!"

அம்மா. இடது கையில் தட்டு, வலது கை ஆள்காட்டி விரல் தலைக்கு மேலே. இத்தனை வருடத்தில் ஒரு மண்டபத்திலும் அவள் குரலை நான் கேட்டதில்லை. வேலு அண்ணன் உடனே வாசித்தார், செந்தில் இரண்டு முடிச்சுப் போட்டார்.

செந்திலின் தங்கை சாப்பாட்டுக் கூடத்திலிருந்து எச்சில் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து, ஐயர் செம்புத் தண்ணீரை ஊற்ற, அவசரமாகக் கழுவிவிட்டு மூன்றாவது முடிச்சைப் போட்டாள். (அந்த முடிச்சில் இன்றைக்கும் நெய் வாசனை வருகிறது என்பது செந்திலின் வாதம்.) போடுவதற்கு அட்சதை ஒரு மணிகூட மிச்சமில்லை. அத்தை முட்டியைப் பிடித்துக்கொண்டு மேடை ஏறி, என் கொண்டையில் மாட்டியிருந்த அரிசியைப் பொறுக்கி அம்மாவுக்குக் கொஞ்சம் கொடுத்து, தானும் கொஞ்சம் எடுத்துக்கொண்டார். என் தலையிலிருந்து எடுத்து என் தலையிலேயே போட்டார்கள்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு போட்டோ பக்கத்துப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. முதல் போட்டோவில் நான் விரலைத் தூக்கி, வாயைப் பிளந்து, வாயில் அரிசியோடு இருக்கிறேன். இரண்டாவதில் அம்மா விரலைத் தூக்கியிருக்கிறாள். அதில் ஐயரின் ஒரு கை மேலே இருக்கிறது, இன்னொரு கை வெறுமனே தொங்குகிறது. எங்கள் மகளின் காதுகுத்துக்கு வந்தபோது அந்தப் படத்துக்கு முன்னால் அவரை நிறுத்திக் கேட்டேன்.

"சாமி, அன்னிக்கு உங்க கையில புத்தகமே இல்லையே?"

"முப்பது வருஷ மனப்பாடம்மா. புத்தகம் எதுக்கு?" என்றார். "உங்க அட்டையில ஒன்பதாவது வரிசை அதுதானே? நான் டிக் போட்டிருந்தேனே."

இன்று எங்கள் வீட்டில் என்னால் யாருக்கும் அறிவுரை சொல்ல முடிவதில்லை. "முக்கியமான விஷயம்" என்று ஆரம்பித்து விரல் மேலே போனதும் செந்தில் "கெட்டிமேளம்!" என்கிறார். மகள் டிபன் பாக்ஸ் மூடியை எடுத்துத் தட்ட ஆரம்பிக்கிறாள். அத்தை ஊரிலிருந்து வந்திருந்தால் சோற்றுத் தட்டிலிருந்து இரண்டு பருக்கையை எடுத்து என்மேல் போடுகிறார்.

போன வாரம் ஒரு கல்யாணப் பெண் அம்மாவிடம் ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்தாள். சபேசய்யர்தான் பண்ணிவைக்கிறாராம், இவளும் மேடையில் உறுதிமொழி பேசப்போகிறாளாம். பயமாக இருக்கிறது ஆன்ட்டி என்றாள். அம்மா டேப்பை அவள் தோளில் வைத்து அளந்துகொண்டே சொன்னாள்:

"நல்லா பேசும்மா. கையை மட்டும் கட்டிக்கிட்டுப் பேசு. மேளத்துக்கு விரல் காட்ட நான் முன்வரிசையிலதான் உக்காந்திருப்பேன்."